பிக்கப் வண்டியின் முன் பிரேக் பேடு: வீட்டிலேயே மாற்ற முழுமையான வழிகாட்டி

பிரேக் பேடு மாற்றும் வேலையில், பேடை எடுத்துப் பேடைப் போடுவதற்கு ஆகும் நேரம் பத்து நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் துரு சுரண்டுவதிலும், பின்னைத் துடைத்துக் கிரீஸ் போடுவதிலும், பழைய பேடை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பதிலும் போகும். போகத்தான் வேண்டும். முதன்முறை செய்தபோது அந்த மீதியை நான் விட்டுவிட்டேன். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி, ஒரு மணி நேரத்துக்குள் கையைக் கழுவிக்கொண்டு பெருமையாக உட்கார்ந்தேன். ஆறு மாதம்கூட ஆகவில்லை, இடது முன் சக்கரத்திலிருந்து கறகறவென்று சத்தம். கழற்றிப் பார்த்தால் உள்பக்கப் பேடு இரும்புத் தகடு வரை தேய்ந்து கிடந்தது. வெளிப்பக்கப் பேடோ அநேகமாகப் புதிதாகவே இருந்தது. சக்கரத்தோடு சுற்றும் இரும்பு வட்டான டிஸ்க்கின் மேல் பேடுகளை அழுத்துவது கேலிப்பர்; அது வழுக்கி நகர உதவும் ஸ்லைடு பின் (கம்பி) ஒன்று துருப்பிடித்து இறுகியிருக்கிறது. முதல் தடவையே அதைக் கையால் ஒருமுறை அசைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அதனால் இந்த வழிகாட்டியில் பேடு மாட்டும் பகுதி சுருக்கமாகவும், அதைச் சுற்றியுள்ள வேலை விரிவாகவும் இருக்கும்.

கேலிப்பர் எப்படி வேலை செய்கிறது

பெரும்பாலான பிக்கப்களில் முன்பக்கம் இருப்பது மிதக்கும் கேலிப்பர். பிஸ்டன் உள்பக்கம் மட்டுமே இருக்கும், ஒன்றோ இரண்டோ. பெடலை மிதித்ததும் பிஸ்டன் உள்பேடை டிஸ்க்கின் மேல் தள்ளும். தள்ளிய வேகத்தில் கேலிப்பர் முழுவதும் ஸ்லைடு பின்களின் மேல் வழுக்கி உள்நோக்கி வந்து, வெளிப்பேடையும் டிஸ்க்கோடு சேர்த்து இறுக்கும். அந்தப் பின்கள் வழுக்காவிட்டால் உள்பேடு மட்டும் தனியாக உழைத்துத் தேயும். எனக்கு நடந்தது அதுதான்.

சில வண்டிகளில் கேலிப்பர் நகராது. இருபுறமும் பிஸ்டன் இருக்கும். 2005 முதல் 2023 வரையிலான டொயோட்டா டகோமாக்கள் பலவற்றில் இப்படி நான்கு பிஸ்டன் கொண்ட நிலையான கேலிப்பர்தான். இந்த வகையில் கேலிப்பரைக் கழற்றவே வேண்டாம். பேடுகளின் ஊடே போகும் பின்களையும் ஸ்பிரிங் கம்பிகளையும் உருவினால் பேடு மேல்வழியாக வந்துவிடும். ஒரு பேடை எடுத்து, அந்தப் பக்கத்துப் பிஸ்டன்களை உள்ளே தள்ளி, புதியதைச் செருகிய பிறகே அடுத்த பேடைத் தொட வேண்டும். மற்றபடி தூக்குவது, சுத்தம் செய்வது, பழக்குவது எல்லாம் ஒன்றே. கீழே சொல்லப்போவது மிதக்கும் கேலிப்பரை மனதில் வைத்து.

எப்போது மாற்றுவது

புதுப் பேடில் தேயும் பகுதி பொதுவாக 10 முதல் 12 மி.மீ. இருக்கும். 3 மி.மீ.க்கு வந்ததும் மாற்றிவிடுங்கள். அதற்குக் கீழே போனால், சுமையோடு ஒரு நீண்ட இறக்கம் இறங்கும்போது சூடு நேராகப் பிஸ்டனுக்கும் பிரேக் ஆயிலுக்கும் ஏறும். பல பேடுகளில் ஒரு சின்ன இரும்பு நாக்கு வைத்திருப்பார்கள். பேடு தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சென்று கத்தும். கீச் சத்தம் முன்னெச்சரிக்கை. கறகற என்றால் இரும்பும் இரும்பும் உரசத் தொடங்கிவிட்டது, டிஸ்க்கும் போகப்போகிறது.

சக்கரத்தின் இடைவெளி வழியாக எட்டிப் பார்த்தால் தெரிவது வெளிப்பேடு மட்டும்தான். அதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிட வேண்டாம். சக்கரத்தைக் கழற்றி உள்பேடைப் பார்த்தால்தான் கணக்கு.

இன்னொன்று. பேடு தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வருவதால், டப்பாவில் பிரேக் ஆயில் அளவு மெல்ல இறங்கும். அதைக் கசிவு என்று நினைத்துப் பலர் ஊற்றி நிரப்பிவிடுவார்கள். பிறகு பேடு மாற்றப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அந்த ஆயில் டப்பாவுக்கு வெளியே வழிந்து பெயின்ட்டைத் தின்றுவிடும். எனவே வேலையைத் தொடங்குமுன் பானெட்டைத் திறந்து அளவைப் பாருங்கள். மேல் கோட்டுக்கு அருகில் இருந்தால் சுத்தமான சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

வாங்க வேண்டியதும் எடுத்து வைக்க வேண்டியதும்

பேடு எப்போதும் முன் இரு சக்கரங்களுக்கும் சேர்த்து. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பிக்கப்பில் சரக்கு ஏற்றுபவர், டிரெய்லர் இழுப்பவர் என்றால் செமி-மெட்டாலிக் பேடு வாங்குங்கள். கொஞ்சம் சத்தமும் தூசியும் கூடுதல், ஆனால் சூட்டைத் தாங்கும். வண்டி பெரும்பாலும் வெறுமையாகவே ஓடுகிறதென்றால் செராமிக் அமைதியாக இருக்கும், சக்கரமும் கருக்காது. பேடோடு, அது உட்காரும் கிளிப்புகளும் சேர்ந்து வருகிற செட்டாகப் பார்த்து வாங்குங்கள். பழைய கிளிப்பைத் திரும்பப் போட்டு மிச்சம் பிடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கருவிகள்: ஜாக்கி, வண்டியின் எடைக்கும் உயரத்துக்கும் ஏற்ற இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு, வீல் ஸ்பேனர், சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து திருகும் ஸ்பேனர்), பெரிய சி-கிளாம்ப், இரும்பு பிரஷ், தட்டை அரம், திருப்புளி, கட்டுக்கம்பி, பிரேக் கிளீனர் ஸ்பிரே, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸ், பின்சக்கரங்களுக்குக் கட்டை. கையுறையும் முகக்கவசமும் இருக்கட்டும். பிரேக் தூசியை ஒருபோதும் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பேடுகளில் கல்நார்கூட இருந்திருக்கலாம். கிளீனர் அடித்து நனைத்துத் துடைப்பதே சரி.

வண்டியின் சர்வீஸ் கையேட்டிலிருந்து மூன்று எண்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கேலிப்பர் போல்ட்டின் இறுக்கம், பிராக்கெட் (கேலிப்பரைத் தாங்கும் சட்டம்) போல்ட்டின் இறுக்கம், வீல் நட்டின் இறுக்கம். வண்டிக்கு வண்டி இது எவ்வளவு மாறும் என்பதற்கு ஓர் உதாரணம்: அண்மைக்கால ஃபோர்டு எஃப்-150இன் வீல் நட்டுக்கு 204 நியூட்டன் மீட்டர். 2016 முதல் 2023 வரையிலான டகோமாவுக்கு 113. ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்குப் போட்டால் ஒரு வண்டியில் நட்டு தளரும், இன்னொன்றில் நட்டு மாட்டும் ஸ்டட் நீளும்.

தூக்குவது

சமமான, கெட்டியான தரை. மண்ணிலும் சரிவிலும் வேண்டாம். கியரில் போட்டு (ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்), ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். வண்டி தரையில் இருக்கும்போதே முன்சக்கர நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்தப் பார்த்தால் சக்கரம் சுற்றும், நீங்கள் முழு பலத்தையும் போட்டு உலுக்குவது ஜாக்கியின் மேல் நிற்கும் வண்டியை.

பிக்கப்பில் ஒரு வசதி, அடியில் கனமான சேசிஸ் சட்டம் ஓடுகிறது. கையேடு காட்டும் இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கி, சட்டத்தின் கீழ் ஸ்டாண்டை வைத்து, ஜாக்கியை இறக்கி எடை முழுவதையும் ஸ்டாண்டுக்கு மாற்றுங்கள். பிறகு பம்பரில் கை வைத்து நன்றாக ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். ஆட வேண்டியிருந்தால் நீங்கள் அடியில் இல்லாதபோதே ஆடட்டும். கழற்றிய சக்கரத்தைச் சட்டத்தின் கீழே படுக்கப் போடுங்கள். ஸ்டாண்டு சரிந்தாலும் அது தாங்கும். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் கையை விடக் கூடாது. ஹைட்ராலிக் ஜாக்கியின் ஒரு சின்ன ரப்பர் சீல் போனால் வண்டி சொல்லாமல் இறங்கிவிடும்.

சக்கரம், அதைத் தாங்கும் ஹப்பில் (நடுப்பகுதி) துருவோடு ஒட்டிக்கொண்டு வராவிட்டால், ஒரு நட்டைப் பாதி திருகிய நிலையில் விட்டு, டயரின் பக்கவாட்டில் ரப்பர் சுத்தியலால் மாறி மாறித் தட்டுங்கள்.

ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே அடுத்த பக்கத்தைப் பிரியுங்கள். ஸ்பிரிங் எப்படி உட்கார்ந்திருந்தது என்று குழம்பினால், பிரிக்காத பக்கம் உங்களுக்குச் சாட்சி. போனில் படமும் எடுத்து வையுங்கள்.

கேலிப்பரை இறக்குவது

கேலிப்பரின் முதுகு வெளியே திரும்பும் பக்கமாக ஸ்டீயரிங்கை ஒடித்து வையுங்கள். பின்னால் இரண்டு போல்ட் தெரியும். போல்ட்டோடு ஸ்லைடு பின்னும் சேர்ந்து சுற்றினால், பின்னை மெல்லிய ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு போல்ட்டைத் திருகுங்கள். டிஸ்க்கின் ஓரத்தில் விளிம்பு கட்டியிருந்தால் கேலிப்பர் எளிதில் வராது. திருப்புளியை உள்ளே கொடுத்து, பழைய பேடை மெல்ல நெம்பி, பிஸ்டனைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிய பிறகு இழுங்கள்.

வந்த கேலிப்பரைக் கட்டுக்கம்பியால் சஸ்பென்ஷனில் கட்டித் தொங்க விடுங்கள். பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாயான ஹோஸில் தொங்க விடக் கூடாது. பிக்கப் கேலிப்பர் கனமானது, ஹோஸின் உள்ளே கிழிந்தால் வெளியே தெரியாது. இந்த நேரத்தில் யாரும் வண்டிக்குள் ஏறிப் பெடலைத் தொடக் கூடாது. தொட்டால் பிஸ்டன் வெளியே வந்து விழும், அப்புறம் அது வேறு வேலை.

பழைய பேடு சொல்லும் கதை

பழைய பேடுகளைத் தூக்கிப் போடாதீர்கள். எது உள், எது வெளி என்று குறித்து வரிசையாகத் தரையில் வையுங்கள். நான்கையும் ஒப்பிட்டால் வண்டியின் கோளாறு அங்கேயே தெரியும்.

நான்கும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் எல்லாம் நலம். ஒரு சக்கரத்தில் உள்ளுக்கும் வெளிக்கும் 2, 3 மி.மீ. வித்தியாசம் இருந்தால் ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது, அல்லது பிஸ்டன் முழுதாகப் பின்வாங்கவில்லை. ஒரே பேடு ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் ஆப்புப் போல இருந்தால், இரண்டு பின்களில் ஒன்று மட்டும் மாட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது பேடின் காது (முனையில் நீண்டிருக்கும் பகுதி) பிராக்கெட்டில் சிக்கியிருக்கலாம். இடது வலது பெரிய வித்தியாசம் என்றால் ஒரு பக்கக் கேலிப்பரோ ஹோஸோ அடைத்திருக்கிறது. பேடின் முகம் கண்ணாடி போல மினுங்கி, வெடிப்பும் இருந்தால் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் சீலையோ ஹப் கிரீஸையோ சந்தேகப்பட வேண்டும். அதைச் சரிசெய்யாமல் புதுப் பேடு போடுவது வீண்.

டிஸ்க்கையும் அப்போதே பாருங்கள். அதன் மேலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டரால் நாலைந்து இடங்களில் அளந்து பாருங்கள். அந்த எண்ணுக்குக் கீழே வந்துவிட்டாலோ, விரிசல் இருந்தாலோ மாற்றியே ஆக வேண்டும். பிரேக் போடும்போது பெடலும் ஸ்டீயரிங்கும் நடுங்கியிருந்தால் டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். புதுப் பேடு அதைத் தீர்க்காது. டிஸ்க் மாற்றுவதென்றால் பிராக்கெட்டையும் கழற்ற வேண்டும். ஹப்பின் முகத்தில் உள்ள துருவை முழுதாகச் சுரண்டிவிட்டுத்தான் புது டிஸ்க்கை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் துருவின் தடிமனே அதைக் கோணலாக்கும். புது டிஸ்க்கின் மேல் பூசியிருக்கும் எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைக்கவும் மறக்காதீர்கள்.

சுத்தம்: உண்மையான வேலை இங்கேதான்

பிராக்கெட்டில் இருக்கும் பழைய கிளிப்புகளை எடுத்தால் அடியில் துரு பொருக்குப் பொருக்காகக் கட்டியிருக்கும். இந்தத் துரு கிளிப்பை மேலே தூக்கிவிடுவதால் பேடின் காது இறுகிப்போகிறது. புதுக் கிளிப்பைத் துருவின் மேலேயே போட்டுவிட்டு, பேடு இறுக்கமாக இருக்கிறதே என்று சுத்தியலால் தட்டி ஏற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தட்டி ஏறிய பேடு, பெடலை விட்டதும் பின்வாங்காது. ஓடும் நேரமெல்லாம் டிஸ்க்கோடு உரசிக்கொண்டே இருக்கும். இரும்பு பிரஷ், அரம் இரண்டையும் எடுத்து அடி இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கள். பிறகு புதுக் கிளிப்பை மாட்டி, புதுப் பேடை வைத்து விரலால் தள்ளிப் பாருங்கள். விரலுக்கு நகர வேண்டும். நகராவிட்டால் இன்னும் சுரண்டுங்கள்.

அடுத்தது ஸ்லைடு பின்கள். இரண்டையும் உருவி வெளியே எடுங்கள். எது மேல், எது கீழ் என்று குறித்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் ஒன்றில் மட்டும் ரப்பர் உறை இருக்கும், இடம் மாற்றினால் மாட்டிக்கொள்ளும். பழைய கிரீஸைத் துணியால் துடைத்து, துளையின் உள்ளேயும் சுத்தம் செய்யுங்கள். பின்னில் துருக்குழி விழுந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமாளிக்காமல் புதுப் பின் போடுங்கள். ரப்பர் பூட் கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள், தண்ணீர் போகும் வழி அதுதான். பிரேக்குக்கான சிலிகான் கிரீஸை மெல்லிய பூச்சாகப் போட்டால் போதும். துளையை நிரப்பினால் காற்றும் கிரீஸும் உள்ளே அடைபட்டு, பின் முழுதாக உள்ளே போகாது. சக்கரப் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் கூடவே கூடாது. அதிலுள்ள பெட்ரோலிய எண்ணெயில் ரப்பர் ஊதிப் பின்னைக் கவ்விக்கொள்ளும்.

பிஸ்டனை உள்ளே தள்ளுவது

பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் பூட் கிழியாமல், ஈரமில்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். டப்பாவின் மூடியைத் திறந்து வையுங்கள். பழைய பேடு ஒன்றைப் பிஸ்டன்களின் மேல் குறுக்கே வைத்து, சி-கிளாம்ப்பால் மெல்ல மெல்ல இறுக்குங்கள். இரண்டு பிஸ்டன் இருந்தால் இரண்டையும் சேர்த்தே தள்ள வேண்டும். ஒன்றை மட்டும் தள்ளினால் மற்றது வெளியே வரும். இடையிடையே எழுந்து போய் ஆயில் டப்பாவைப் பாருங்கள்.

பிஸ்டன் அசையவே இல்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். கேலிப்பரில் காற்றை வெளியேற்ற இருக்கும் பிளீட் நிப்பிளை ஒரு சிறு குழாயோடு சேர்த்துக் கொஞ்சம் திறந்து, கிளாம்ப்பை மறுபடி இறுக்கிப் பாருங்கள். இப்போது உள்ளே போகிறதென்றால் பிஸ்டன் நன்றாக இருக்கிறது, ஹோஸின் உள்ளேதான் அடைப்பு. அப்போதும் போகவில்லை என்றால் பிஸ்டனே துருப்பிடித்துவிட்டது. கிளாம்ப்பைத் தளர்த்துமுன் நிப்பிளை மூட மறக்காதீர்கள், மறந்தால் காற்று உள்ளே போகும். நிப்பிளைத் திறக்கவே இல்லை என்றால் காற்று எடுக்கும் வேலையும் இல்லை.

ஆயில் சேர்க்க நேர்ந்தால் மூடியில் போட்டிருக்கும் வகைதான். டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைகால் வகை. புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரையும், டாட் 4 குறைந்தது 230 வரையும் கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரத்தை உறிஞ்சிய பிறகு இந்த அளவுகள் 140, 155 என்று இறங்கிவிடலாம். பழைய ஆயிலோடு சுமை ஏற்றி இறக்கம் இறங்குவது ஏன் ஆபத்து என்பது இந்த எண்களிலேயே இருக்கிறது. டாட் 5 சிலிகான் வகை, அதை இவற்றோடு கலக்கக் கூடாது. பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

மாட்டுவது

கத்தும் நாக்கு உள்ள பேடு பெரும்பாலும் உள்பக்கம். ஆனால் பெட்டியில் இருக்கும் குறிப்பையும், பிரிக்காத பக்கத்தையும் பார்த்து உறுதி செய்யுங்கள். பேடின் காதுகளிலும், முதுகில் பிஸ்டன் தொடும் இடத்திலும் மிக மெல்லிய கிரீஸ் போதும். முகத்தில் கிரீஸ் கை பட்டால் கிளீனர் அடித்துத் துடைத்துவிடுங்கள்.

கேலிப்பரைத் திரும்ப ஏற்றும்போது ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் பாருங்கள். போல்ட்டுகளைக் கையால் திருகித் தொடங்கி, டார்க் ரெஞ்சால் முடியுங்கள். கேலிப்பரின் ஸ்லைடு பின் போல்ட்டுகள் சிறியவை, ஆத்திரத்தில் இறுக்கினால் மரை போய்விடும். பிராக்கெட் போல்ட்டைக் கழற்றியிருந்தால் அதற்குப் பல மடங்கு பலம் தேவை. இனி கேலிப்பரைக் கையால் பிடித்து ஆட்டினால் கொஞ்சமாவது பக்கவாட்டில் நகர வேண்டும்.

சக்கரத்தைப் போட்டு, நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக நட்சத்திர வரிசையில் திருகி, வண்டியை இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். அப்புறம் அடுத்த பக்கம்.

நகர்த்துமுன் பெடல்

இரண்டு பக்கமும் முடிந்ததும் எஞ்சினைத் தொடுமுன் பெடலை மிதியுங்கள். பிஸ்டன்கள் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் சில மிதியில் பெடல் பொத்தென்று கீழே போகும். எனக்குத் தெரிந்த ஒருவர் இதை மறந்து ரிவர்ஸ் போட்டார். வண்டியைச் சுவர்தான் நிறுத்தியது. வண்டி பழையதாக இருந்தால் தரைவரை மிதிக்காமல் பாதி பாதியாக மிதியுங்கள். பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் வழக்கமாகப் போகாத துருப்பகுதிக்குப் போய்க் கிழியலாம். பெடல் கெட்டியானதும் ஆயில் அளவைப் பார்த்து மூடியைப் போடுங்கள். எத்தனை மிதித்தாலும் பஞ்சு போல அமுங்கினால் காற்று புகுந்திருக்கிறது. அதை எடுக்காமல் சாலைக்குப் போகக் கூடாது.

புதுப் பேடைப் பழக்குவது

பேடின் பொருள் டிஸ்க்கின் மேல் மெல்லிய படலமாகச் சீராகப் படிய வேண்டும். பேடு செய்தவர் தந்த முறை பெட்டியில் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லாவிட்டால், போக்குவரத்து இல்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை மிதமாகப் பிரேக் போட்டு, உடனே விட்டு வேகமெடுங்கள். இப்படி 8 முதல் 10 முறை, நடுவில் அரை நிமிடம் காற்று பட ஓட்டி. சூடான பேடோடு முழுதாக நிறுத்திப் பெடலை அழுத்திப் பிடித்திருக்காதீர்கள். அந்த இடத்தில் மட்டும் படலம் தடித்துப் பிறகு நடுக்கம் வரும். கொஞ்சம் கருகல் வாசனை வருவது இயல்பு. முடிந்ததும் பிரேக் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆற விடுங்கள். முதல் 300 கி.மீ. வரை கனமான சுமை வேண்டாம்.

மறுநாள் வழக்கம்போல ஒரு சுற்றுப் போய் வந்து, இரண்டு முன்சக்கரங்களின் அருகிலும் கையை நீட்டிச் சூட்டை ஒப்பிடுங்கள். டிஸ்க்கைத் தொட வேண்டாம். ஒன்று மட்டும் தகதகவென்று கொதித்தால் அந்தப் பக்கம் ஏதோ இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறது, மறுபடி கழற்றிப் பின்னையும் கிளிப்பையும் பாருங்கள். 80 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்கள். அந்த டார்க் ரெஞ்சைத் திரும்ப வைக்கும்போது அளவை மிகக் குறைவான எண்ணுக்கு இறக்கி வையுங்கள், அதன் ஸ்பிரிங்கும் பிழைக்கட்டும்.